தொண்டைமண்டலக் கடற்கரையும் பன்னாட்டு வணிகக் கூட்டுறவும்: வணிகக் குழுக்கள் முதல் கூட்டுப் பங்கு நிறுவனங்கள் வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் இடையே நிலவிய வணிகம் பெரும்பாலும் ஏற்றுமதி, இறக்குமதிப் பொருள்களின் பட்டியலாகவோ அரசர்களின் கடல் வெற்றியாகவோ விளக்கப்பட்டு வந்துள்ளது. வெவ்வேறு மொழியும் சமயமும் நாடும் கொண்ட வணிக நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பித் தொழில் செய்வதற்கு எவ்வகை ஏற்பாடுகள் துணைநின்றன என்னும் வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய துறைமுகங்களை மையமாகக் கொண்டு, கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. அளவு, சாட்சி, கட்டணம், அடைக்கலம் என்னும் நான்கும் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தபோது கூட்டுறவு நிலைத்தது. அவை ஒரு தரப்பின் கைக்கு மாறியபோது கூட்டாளி வெறும் சரக்கு வழங்குபவராகத் தாழ்ந்தார் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வணிகக் குழு, மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், ஐந்நூற்றுவர், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கூட்டுப் பங்கு நிறுவனம்.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் அச்சரப்பாக்கம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஆட்சீசுவரர் கோயிலால் அறியப்படும் இவ்வூர், வணிக வரலாற்று நோக்கில் வேறொரு வகையில் கருதத்தக்கது. இதன் வடகிழக்கே மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும், தென்கிழக்கே மரக்காணமும் உள்ளன. இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் கடல்வணிகத்தில் பெயர்பெற்ற கரைகள். துறைமுகம் தனியே இயங்குவதில்லை. நெல்லும் நூலும் துணியும் எண்ணெயும் தரும் உள்நாட்டு ஊர்களே அதற்கு உயிர் தருகின்றன. பாலாற்றின் இரு மருங்கிலும் பரந்த ஏரிப்பாசன ஊர்களும் நெசவு ஊர்களும் இக்கரைக்கு அத்தகைய பின்னிலமாக விளங்கின. அச்சரப்பாக்கம் அப்பின்னிலத்தின் நடுவில் அமைந்துள்ளது.

இக்கரையில் விளைந்த வணிகத்தை ஆராய்வோர் முன்னே எழும் அடிப்படை வினா ஒன்றுண்டு. பொருளை ஏற்றிய கப்பல் திரும்பிவரப் பல திங்கள் ஆகும். அயல்நாட்டுக் கூட்டாளியின் மொழி வேறு, வழிபாடு வேறு, அவரைக் கட்டுப்படுத்தும் அரசும் வேறு. அவர் ஏமாற்றினால் முறையிட ஒரு பொது மன்றம் இல்லை. இந்நிலையில் நம்பிக்கை எதன்மேல் நின்றது? இன்று பன்னாட்டு வணிகத்தில் ஈடுபடும் சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களும் இதே வினாவை எதிர்கொள்கின்றன. ஆகவே இது பழமை பற்றிய வினா மட்டும் அன்று.

இலக்கியமும் அகழாய்வும் காட்டும் கரை

தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் விவரிக்கிறது. இத்துறைமுகத்தை மாமல்லபுரத்தோடும் பாலாற்று முகத்துவாரப் பகுதியோடும் ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தைக் குறிப்பிடுகிறது. மரக்காணப் பகுதியே எயிற்பட்டினம் என்பதும், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் வழிகாட்டி நூல் கூறும் சோபட்மா அதுவே என்பதும் பலரும் ஏற்கும் கருத்தாகும்.

பாலாறு கடலில் கலக்கும் இடத்தில், வயலூரை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் உறைகிணறுகளும் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. எனவே இலக்கியம் கூறும் அயல்நாட்டுத் தொடர்புக்கு இக்கரையில் மண்ணும் சான்று பகர்கிறது.

பின்னர்ப் பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் முதன்மை பெற்றது. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது செல்வமும் யானைகளும் மணிகளும் ஏற்றிய கலங்கள் நிற்கும் துறையாகவே அதனைக் காட்டுகிறார். சோழர் ஆட்சியிலும் இவ்வூர் வணிக நகரமாகத் தொடர்ந்தது. மாமல்லபுரத்து நகரத்தார் கூடித் தம் ஊர் நிலத்தை நான்கு கூறாகப் பிரித்துக்கொண்ட செய்தியை முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்துள்ளது. ‘நகரம்’ என்பது இங்கு வெறும் குடியிருப்பைக் குறிக்கும் சொல் அன்று. வணிகர் தாமே முடிவெடுத்துத் தாமே பொறுப்பேற்ற நிறுவனத்தின் பெயர்.

வணிகக் குழுக்களின் அமைப்பு

நகரம் ஓர் ஊரின் எல்லைக்குள் செயல்பட்டது. ஊர்களையும் நாடுகளையும் கடந்து செயல்பட்ட குழுக்கள் மூன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. மணிக்கிராமம் தென்னிந்திய வணிகரின் குழு. அஞ்சுவண்ணம் மேலைக் கடல்வழி வந்த யூதர், அரேபியர், பாரசீகர் முதலிய வணிகரோடு தொடர்புடையது. ஐந்நூற்றுவர் அல்லது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்பட்ட பேரமைப்பு, கர்நாடகத்து ஐகொளெயைத் தன் மூல இடமாகப் போற்றியது. அதன் மெய்க்கீர்த்திகள் பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வேளாபுரம், அறுபத்து நான்கு கடிகைத்தாவளம் எனத் தன் வணிகப் பரப்பைத் தொகை வகைப்படுத்திக் கூறுகின்றன. இவை மரபுவழி எண்களே ஆயினும், துறைமுகம், கரையோரச் சந்தை, உள்நாட்டுச் சந்தை ஆகியவற்றைக் குழுவினர் ஒரே வலைப்பின்னலாகக் கருதினர் என்பது இவற்றால் புலனாகிறது.

இக்குழுக்களை இன்றைய பெருநிறுவனங்களைப் போல ஒரு முதலாளியின் கீழ் இயங்கியவையாகக் கருதுதல் பொருந்தாது. தனித்தனி வணிகர் தத்தம் முதலோடு தொழில் செய்தனர். பொதுவிதிகளும் பாதுகாப்பும் அறக்கொடையும் குழுவின் பெயரால் நடந்தன. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டு முதல் வடகடல், பால்டிக் கடல் துறைகளை இணைத்த ஹன்சா வணிகர் கூட்டமைப்பை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஆயின் ஹன்சா நகரங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. ஐந்நூற்றுவரோ நகரங்களைக் கடந்த வணிகரின் கூட்டமைப்பாகவே நீடித்தனர்.

அடைக்கலம்: தகுவாபாக் கல்வெட்டு

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அளவில் மிகச் சிறியது. நங்கூரைச் சேர்ந்த ஒருவர் தோண்டிய குளத்துக்கு அவனிநாரணம் எனப் பெயரிட்டு, அதனை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் அடைக்கலத்தில் விட்டதை அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது நந்திக்கலம்பகத்தின் தலைவனாகிய மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர்.

குளத்தின் பெயரைக் கொண்டு பல்லவரின் ஆட்சி தாய்லாந்துவரை பரவியது என வாதிட இடமில்லை. கல்வெட்டில் உற்று நோக்கத்தக்க சொல் ‘அடைக்கலம்’ என்பதே. அயல் கரையில் பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும் வணிகனுக்கு முதல் தேவை நன்னீர். அதனைத் தனியொருவர் உருவாக்கினார். காக்கும் பொறுப்பைக் குழு ஏற்றது. தோண்டியவர் ஊர் திரும்பினாலும் மறைந்தாலும் குளம் நிற்கும். தனிமனிதரின் முயற்சியை நிறுவனத்தின் பொறுப்பாக மாற்றும் இந்த ஏற்பாடே அயல்நாட்டில் ஊன்றி நிற்பதற்கான முதற்படியாகும்.

பாகானில் 13ஆம் நூற்றாண்டில் நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்தவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததும், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் சிவன் கோயில் ஒன்று தமிழ்க் கல்வெட்டோடு அமைந்ததும் இதே போக்கின் தொடர்ச்சி எனலாம். பல நாட்டார்க்கும் பொதுவானது என்னும் பொருள் தரும் ‘நானாதேசி’ என்ற பெயரே அக்கோயில் ஓர் ஊராருக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிவிக்கிறது.

அளவும் சாட்சியும்: தரிசாப்பள்ளிச் செப்பேடு

கொல்லத்தில் 849இல் வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு, சபீர் ஈசோ நிறுவிய தேவாலயத்துக்கு உரிமைகளை அளிக்கும் ஆவணம். பன்னாட்டு வணிக நெறிகளை அறிய இதனினும் சிறந்த ஆவணம் தென்னிந்தியாவில் அரிது. இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, எடைக்கோல், அளவை, முத்திரை ஆகியவற்றின் உரிமை அரசு அலுவலரிடம் அன்றித் தேவாலயத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. எடையில் ஐயம் எழுந்தால் வணிகம் நின்றுவிடும். ஆகவே எடைக்கோலை, விற்பவரும் அல்லாத, வாங்குபவரும் அல்லாத ஒரு பொது நிறுவனத்தின் கையில் வைப்பது தொழில்முறை நுட்பமே அன்றிச் சமயச் சலுகை மட்டும் அன்று.

இரண்டாவது, விலை உறுதி செய்தல் போன்ற பணிகளை அரசு அலுவலர் அஞ்சுவண்ணத்தாரோடும் மணிக்கிராமத்தாரோடும் சேர்ந்தே செய்யவேண்டும் எனவும், நாள்தோறும் திரளும் உல்கினை இவ்விரு குழுவினரும் முத்திரையிட்டு வைக்கவேண்டும் எனவும் விதிக்கப்படுகிறது. மேலைக் கடல் வணிகரின் குழுவும் தென்னிந்திய வணிகரின் குழுவும் ஒரே பெட்டிக்கு இருவேறு காவலராக அமைகின்றனர்.

மூன்றாவது, சாட்சிக் கையொப்பங்கள். வட்டெழுத்தில் அமைந்த இச்செப்பேட்டின் இறுதியில் அரபு மொழியில் கூஃபி எழுத்திலும், பாரசீக மொழியில் பகலவி எழுத்திலும், யூதப் பாரசீகத்தில் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். அவரவர் தம் எழுத்தில் ஒப்பமிடுகின்றனர். ஆனால் ஒப்பமிடும் ஆவணம் ஒன்றே. வேறுபாட்டை அழிக்காமலே பொது உடன்பாட்டை எட்டமுடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

கட்டணம்: வாரோசும் பிரான்மலையும்

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த கல்வெட்டு, கருப்பூர வணிகத்துக்குப் பெயர்பெற்ற வாரோசில் கூடிய திசையாயிரத்து ஐந்நூற்றுவரின் முடிவைக் கூறுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கூறும் கருப்பூர வகைகளுள் வாரோசும் ஒன்று. இக்கல்வெட்டை நீலகண்ட சாஸ்திரி 1932இல் ஆராய்ந்து வெளியிட்டார், பின்னர் எ. சுப்பராயலு மறுவாசிப்புச் செய்து பொருளைத் தெளிவாக்கினார். துறைக்கு வரும் கலத்தின் தலைவரும் உடன்வருவோரும், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு கணக்கிட்ட கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே விரித்த துணிமேல் கால்வைத்து உள்ளே வரவேண்டும் என்பது அம்முடிவின் சாரம்.

பொன்னின் மாற்று நாட்டுக்கு நாடு வேறுபட்ட காலத்தில், எல்லா வணிகரும் விலையறிந்த ஒரு பொருளை மதிப்பின் அளவாகக் கொண்டது ஆழ்ந்த நடைமுறை அறிவைக் காட்டுகிறது. மேலும் இக்கல்வெட்டின் காலம் சோழ அரசரின் ஆட்சியாண்டால் குறிக்கப்படவில்லை. சக ஆண்டு 1010 என, அதாவது கி.பி. 1088 எனக் குறிக்கப்படுகிறது. முதலாம் இராசேந்திரன் 1025இல் ஸ்ரீவிசயத்தின்மேல் படை நடத்தி அறுபது ஆண்டுகளே கழிந்த நிலையிலும், வணிகர் தம் விதியைத் தம் பெயராலேயே பொறித்தனர் என்பது எண்ணத்தக்கது.

சிவகங்கை மாவட்டப் பிரான்மலைக் கல்வெட்டு உள்நாட்டில் இதே நெறியைக் காட்டுகிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, குதிரை, யானை எனப் பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் பொதிக்கும் வண்டிக்கும் உரிய பட்டணப்பகுடியை ஐந்நூற்றுவர் கோயிலுக்காகத் தாமே விதித்துக்கொள்கின்றனர். கட்டணம் முன்கூட்டியே அறியப்பட்டது, அனைவருக்கும் பொருந்துவது, எதற்குச் செலவாகும் என்பதும் கல்லிலேயே வெட்டப்பட்டது. தமிழக வணிகரிடையே பிற்காலத்தில் நிலைத்த மகமை வழக்கமும் இவ்வடிப்படையில் அமைந்ததே.

அரசின் பங்கு

மேற்கூறியவற்றால் அரசுக்கு இடமே இல்லை எனக் கொள்ளுதல் கூடாது. சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குத் தூதுக்குழுக்களை அனுப்பினர். முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பட்டான். காகதீயக் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெளியிட்ட அபய சாசனம் இவ்வகையில் தெளிவான எடுத்துக்காட்டாகும். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொருளை முந்தைய அரசர் பறித்துக்கொண்டனர் எனவும், இனி உரிய சுங்கம் தவிர எதுவும் கொள்ளப்படாது எனவும் அது உறுதியளிக்கிறது.

இச்சான்றுகளில் அரசு செய்வது தன் கையைத் தானே கட்டிக்கொள்வதாகும். தூது அனுப்பி வாயிலைத் திறக்கிறது; சுங்கத்தை வரையறுக்கிறது; பறிமுதலைக் கைவிடுகிறது. கூட்டாளிகளுக்கு இடையிலான நம்பிக்கையையோ அது உருவாக்கவில்லை. அதனைக் குழுக்களே உருவாக்கின. கடல் கடந்த தமிழ்க் கல்வெட்டுகளைப் பேரரசின் எல்லைக் கற்களாக வாசிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. அவை ஆட்சிப் பரப்பைக் காட்டிலும் உடன்பாட்டின் பரப்பையே மிகுதியும் காட்டுகின்றன.

குழுக்களை ஒரேயடியாகப் போற்றுவதும் ஏற்புடையதன்று. அவை படைவீரரை வைத்திருந்தன. அவர்களுக்கு உரிமையளித்து அமைத்த வீரபட்டினங்கள் தொண்டைமண்டலத்துக் காட்டூரிலும் இலங்கையிலும் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றன. வணிகப் பாதையின் பாதுகாப்பு ஆயுத வலிமையையும் சார்ந்திருந்தது என்பதை மறுக்க இயலாது.

சதுரங்கப்பட்டினம்: கூட்டுறவின் வடிவ மாற்றம்

பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையின் வணிக மையம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்துக்கு நகர்ந்தது. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்குத் துணி வாங்கும் நிலையத்தை அமைத்தது. செங்கற் கோட்டையும் கிடங்குகளும் எழுந்தன. செதுக்கு வேலைப்பாடுகள் கொண்ட டச்சுக் கல்லறைகள் இன்றும் அக்கோட்டைக்குள் உள்ளன.

கம்பெனி தன் துணிக்கொள்முதலுக்கு உள்ளூர் வணிகரை நம்பியிருந்தது. முன்பணம் பெற்ற வணிகர் நொடித்தால் கடன் மீளாது. இவ்விடரைக் குறைக்க, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பழவேற்காடு உள்ளிட்ட சோழமண்டலக் கரை நிலையங்களில் உள்ளூர் வணிகரைக் கூட்டுப் பங்கு நிறுவனங்களாக அமைக்கும் முறையை டச்சுக்காரர் வளர்த்தனர். வணிகர் பங்குத்தொகை செலுத்தினர். தலைமை வணிகர் நிறுவனத்தை நடத்தினர். கம்பெனி இறக்கிய செம்பையும் நறுமணப் பொருள்களையும் வாங்கி, துணியைத் திரட்டிக் கொடுத்தனர். 1680களில் சென்னை ஆங்கிலேயரும் இம்முறையைப் பின்பற்றினர். சி. அரசரத்தினம் முதலிய வரலாற்றாய்வாளர் இந்நிறுவனங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வடிவத்தை மட்டும் நோக்கினால் இது ஒரு வளர்ச்சியே. தனித்தனி முதல் பொது முதலாகியது. இழப்பும் ஊதியமும் பங்கின்படி பகிரப்பட்டன. ஆனால் முன்னர்க் கூறிய நான்கு கூறுகளையும் இங்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை மாறித் தோன்றுகிறது. துணியின் தரத்தை உறுதிசெய்யும் மாதிரி கம்பெனியின் கையில் இருந்தது. தரம் பிரித்து ஒதுக்கிய துணி வணிகரின் தலையில் விழுந்தது. கணக்கும் கம்பெனியின் கிடங்கில் முடிந்தது. பாதுகாப்பு கோட்டையின் பீரங்கியாக இருந்தது. அது கம்பெனிக்கே உரியது. கொல்லத்தில் எடைக்கோல் மூன்றாம் தரப்பிடமும் உல்குப்பெட்டி இரு குழுக்களிடமும் இருந்த நிலையோடு இதனை ஒப்பிட்டால், கூட்டுறவு என்னும் சொல் நிலைத்திருக்க அதன் உட்பொருள் எவ்வாறு மாறியது என்பது விளங்கும்.

இதன் விளைவும் வெளிப்படையானது. 1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றினர். மறு ஆண்டு பிப்ரவரியில் இக்கரைக்கு அப்பால் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. ஐரோப்பிய அரசுகளின் போர் இக்கரையின் வணிகத்தையும் தாக்கியது. ஒரே கொள்முதலாளரை நம்பிய துறைமுகம் அக்கொள்முதலாளரின் வீழ்ச்சியோடு தானும் ஒடுங்கியது.

இன்றைய நிலைக்குப் பொருத்தம்

இன்று அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே செங்கல்பட்டு, மறைமலைநகர்ப் பகுதிகளில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் முதல் பொறியியல், கணக்கியல், மென்பொருள் சேவை நிறுவனங்கள் வரை பல தொழில்முறை நிறுவனங்கள் அயல்நாட்டு நிறுவனங்களோடு கூட்டுறவு கொண்டுள்ளன. பழைய நான்கு கூறுகளும் இன்று வேறு பெயர்களில் உள்ளன. பன்னாட்டு வணிக மன்றம் 1936இல் வெளியிட்ட வணிகச் சொல் விதிகள், சரக்கின் பொறுப்பு எவ்விடத்தில் கைமாறுகிறது என்பதற்குப் பொது அளவாக விளங்குகின்றன. நடுவர் தீர்ப்புகளை நாடுகள் தம்முள் ஏற்றுச் செயற்படுத்த 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை வழிசெய்தது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. சிறு நிறுவனங்களுக்கு உரிய தொகையை 45 நாள்களுக்குள் செலுத்தவேண்டும் என 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வரையறுக்கிறது.

இவை இருந்தும் தரச்சோதனையும் விலைநிர்ணயமும் பெரிய கொள்முதலாளரிடம் மட்டுமே குவிந்திருந்தால், சிறு நிறுவனத்தின் நிலை சதுரங்கப்பட்டினத்து வணிகரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபடாது. பொதுச் சோதனைக்கூடம், நடுநிலையான தரச்சான்று, இரு தரப்பும் ஒப்பிய நடுவர் மன்றம், உறுப்பினர் கட்டணத்தால் இயங்கும் தொழிற்சங்கப் பொதுநிதி ஆகியவை அயல்நாட்டுச் சந்தையைத் தேடுவதற்கு நிகராகவோ அதற்கு முன்னரோ கவனிக்கப்படவேண்டியவை. வணிகத் தூதுக்குழுக்களும் கண்காட்சிகளும் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைத்து நிற்கச் செய்வன இவ்வேற்பாடுகளே.

முடிவுரை

தொண்டைமண்டலக் கடற்கரையின் வணிக வரலாறு இருவகைக் கூட்டுறவை முன்வைக்கிறது. தகுவாபாக் குளமும் கொல்லத்து எடைக்கோலும் வாரோசின் கட்டணமும் முதல் வகையைக் குறிக்கின்றன. அங்கு விதி பலருக்கும் பொதுவாக இருந்தது. அதனால் அரசுகள் மாறிய பின்னரும் குழுக்கள் சில நூற்றாண்டுகள் நிலைத்தன. சதுரங்கப்பட்டினத்துக் கூட்டுப் பங்கு நிறுவனம் இரண்டாம் வகை. முதல் பொதுவாயிற்று, விதி பொதுவாகவில்லை. எனவே ஒரு வணிகக் கூட்டுறவை மதிப்பிடும்போது அதன் முதலின் அளவையோ ஒப்பந்தங்களின் எண்ணிக்கையையோ மட்டும் நோக்குதல் போதாது. எடைக்கோல் யார் கையில் உள்ளது என்பதையும் நோக்கவேண்டும். தமிழகத்து வணிகக் கல்வெட்டுகளை இக்கோணத்தில் மீள வாசிப்பது வணிக வரலாற்றுக்கு மட்டுமன்றி, நிறுவனவியல், சட்டவியல் ஆகிய துறைகளின் ஆய்வுக்கும் பயன்தரும்.